குறைந்தால் நல்லது

எங்கள் ஊரில் இரும்பு நிற்காது. மரக்காணத்தில் உப்பளத்துக்குப் போகிற சாலையில் எங்கள் வீடு. கட்டி முடித்த வருடமே ஜன்னல் கம்பியில் பெயிண்ட் கொப்பளித்தது. அடுத்த வருடம் கேட்டின் கீழ்ப்பாகம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. என் மகள் பள்ளிக்கு ஓட்டிப்போன சைக்கிளின் மட்கார்டு ஒரு நாள் நடுரோட்டில் கழன்று விழுந்துவிட, அதை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்டி வந்து சேர்ந்தாள். கடல் காற்றும் உப்புக் காற்றும் சேர்ந்து அடிக்கிற இடத்தில் காசு போட்டு இரும்பு வாங்குகிறவன் முட்டாள் என்று குவைத்திலிருந்து என் கணவர் ஃபோனில் சொன்னார். அந்த கேட்டை ஆசை ஆசையாய்த் தேர்ந்தெடுத்து வாங்கிப் போட்டதே அவர்தான்.

இப்படிப்பட்ட ஊரில் என் மகள் உடம்புக்குள் போன இரும்பு மட்டும் துளிகூடக் கரையாமல் உட்கார்ந்திருக்கிறது. இதை நினைத்தால் யார்மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரிவதில்லை. கோபப்படாமல் இருக்கவும் எனக்கு வராது.

அவளுக்குத் தலசீமியா. முதல் பிறந்த நாள் வருவதற்குள் தெரிந்துவிட்டது. அவள் உடம்பு தானாக நல்ல ரத்தம் உண்டாக்காது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை புதுச்சேரிக்குப் போய் யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஏற்றிய மறுநாள் முகம் தெளிந்து ஆட்டம் போடுவாள். பத்துப் பதினைந்து நாளில் உதடு வெளுக்க ஆரம்பிக்கும், மறுபடியும் பஸ். இதற்கு நாங்கள் பழகிவிட்டோம். பழகாதது அந்த இரும்பு. ஏற்றுகிற ஒவ்வொரு பை ரத்தத்திலும் இரும்பு இருக்கிறது. உள்ளே வந்த இரும்பை வெளியே தள்ளுவதற்கு மனித உடம்பில் வழியே கிடையாதாம். வியர்வைக்கு வழி இருக்கிறது, கண்ணீருக்கு இருக்கிறது, இதற்கு இல்லை, தினம் போடுகிற மாத்திரைதான் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வெளியேற்ற வேண்டும். அது முதலில் ஈரலில் சேரும். பிறகு இதயத்தின் சதையில் சேரும். இதயத்தில் சேர்ந்தால் ஆபத்து என்று டாக்டர் சொன்னார். எவ்வளவு ஆபத்து என்று நான் கேட்டேன். அவர் என் மகளைப் பார்த்துவிட்டு, "மாத்திரைய விடாம குடும்மா" என்றார்.

ஊரில் யாருக்கும் இது புரியாது. வெளுத்த முகத்தோடு ஒரு பெண் பிள்ளை தெருவில் போனால், ரத்தமே இல்லையே, இரும்புச்சத்து கொடு என்று சொல்வதற்கு ஒரு கூட்டமே இருக்கிறது. முருங்கைக்கீரையை ஒடித்துக்கொண்டு வந்து கொடுத்தவர்கள் உண்டு. ஆட்டு ஈரலை மிளகு போட்டு வதக்கித் தூக்குவாளியில் கொண்டு வந்த உறவுக்காரப் பெண்ணை வாசலிலேயே நிறுத்தி, "இதத் தின்னா அவ செத்துடுவா, பரவாயில்லயா?" என்று கேட்டுவிட்டேன். அது அதிகப்படி. இரண்டு துண்டு ஈரலில் யாரும் சாவதில்லை. அந்தப் பெண் அப்புறம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. என் மகள் காற்றில் மீந்திருந்த வாசனையை இழுத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நேரம் அவங்கள நிக்க வெச்சே திட்டியிருக்கலாம்மா" என்றாள்.

சாப்பாட்டோடு பால் இல்லாத டீ குடிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். தேயிலை இரும்பை உடம்பில் ஒட்டவிடாதாம். பிள்ளைகளை டீ குடிக்காதே என்று அம்மாக்கள் அதட்டுகிற தெருவில், டீயைக் குடிச்சுத் தொலை என்று கத்துகிற அம்மா நான் ஒருத்திதான். என் கணவரோ தொடக்கத்தில் ஊருக்கு வருகிறவர்கள் கையிலெல்லாம் பேரீச்சம்பழம் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். மகளுக்கு ரத்தம் ஊற வேண்டும் என்று நல்ல பழமாகப் பார்த்து வாங்கியது. அதையும் நிறுத்தினேன். அன்றைக்கு அவர் ஃபோனில், "நான் எதக் குடுத்தாலும் அவளுக்கு ஆவாது போல" என்று மட்டும் சொன்னார்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் பழம் இல்லை. அவர் என் தாய்மாமன் மகன். கூனிமேட்டில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவருக்குப் புதுச்சேரியில் வேறு பெண் பார்த்திருந்தார்கள். அவர்தான் ஒற்றைக் காலில் நின்று என்னைக் கட்டிக்கொண்டார். ரத்தம் விட்டுப் போகக்கூடாது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதற்குப் பெருமைப்பட்டார்கள். மகளுக்கு நோய் தெரிந்த அன்று டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "சொந்தத்துல கட்டினீங்களா?" என்பதுதான். அவருக்குள்ளும் எனக்குள்ளும் இந்த நோயின் பாதி பாதி இருந்ததாம். பாதி மட்டும் இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு பாதியும் போய்ச் சேர்ந்த இடம் என் பிள்ளை. அன்றிலிருந்து அவர் ஃபோன் பேசும்போது எங்காவது ஓரிடத்தில் இந்தப் பேச்சு வந்துவிடும்.

"நான் புடிச்ச புடியா உன்னயே கட்டியிருக்கக் கூடாதும்மா. நீயும் வேற எங்கயாவது போயி நல்லா இருந்திருப்ப."

"அப்ப இந்தப் புள்ள வேணாம்னு சொல்றீங்களா மச்சான்?" என்று நான் சீறுவேன்.

"அதுக்கில்லம்மா" என்பார். அங்கே தண்ணீர் லாரி ஓட்டுகிற மனிதர். கைக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு நாளும் தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். இறங்குங்கள் என்று நான் எத்தனை விதமாகச் சொல்லியும் இறங்கவில்லை. நான் எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியும், படிக்க மாட்டார். "நீ பேசறதக் கேட்டே முடியல, எழுதறத வேற படிக்கணுமா" என்று கிண்டல் செய்வார். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இரும்பைக் கண்காணிக்க ஃபெரிட்டின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. அந்த எண் ஆயிரக்கணக்கில் இருக்கும். குறைந்தால் நல்லது. என் மகளின் பள்ளி மார்க் எனக்கு மறந்தாலும் ஃபெரிட்டின் மறக்காது. எங்கள் வீட்டில் எல்லா எண்ணுமே அப்படித்தான். எங்களோடு இருக்கிற என் மாமிக்கு, அவருடைய அம்மாவுக்கு, சுகர், குறைந்தால் நல்லது. எனக்கு பிரஷர், குறைந்தால் நல்லது. ஏற வேண்டிய எண் ஹீமோகுளோபின் ஒன்றுதான், அது ரத்தம் ஏற்றினால் தானே ஏறிக்கொள்ளும், அதற்காக நாங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. நாங்கள் பாடுபட்டு எதைச் செய்தாலும் அது ஒரு எண்ணைக் குறைப்பதற்காகத்தான்.

அவள் பிளஸ் ஒன் படிக்கும்போது டாக்டர் இதயத்துக்கு ஒரு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்றார்.

"ரத்தத்துல தெரியற இரும்பு ஒரு கணக்கு, ஹார்ட்டுக்குள்ள இருக்கறது வேற கணக்கும்மா. ஊசி போட்டு ஹார்ட்லேர்ந்து சதைய எடுத்துப் பாத்துக்கிட்டிருக்க முடியாது. இதுல வெளியிலேர்ந்தே அளந்துடலாம்."

அதை அளக்கிற வசதி எல்லா மெஷினிலும் இல்லை. சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். விடியற்காலை பஸ்ஸில் ஈ.சி.ஆர். வழியாகப் போய் இறங்கினோம். மெஷின் இருக்கிற அறைக்குள் இரும்பு போகக்கூடாது. தலைத்துணியில் குத்தியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாய்க் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். கழுத்தில் மாமி கட்டிவிட்ட தாயத்து இருந்தது. முடிச்சு அவிழவில்லை. கத்தரிக்கோல் கொண்டு வந்து வெட்டிக் கொடுத்தார்கள். பிறகு அங்கே வேலை பார்க்கிற பையன், எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அவளிடமும் கேட்டான்.

"உடம்புல இரும்பு ஏதாச்சும் இருக்காம்மா? பிளேட்டு, ஸ்க்ரூ, கம்பி?"

"இருக்குண்ணா" என்றாள் என் மகள். "நெறயா இருக்கு. அதப் பாக்கத்தான் உங்ககிட்ட வந்திருக்கோம்."

அவன் கையிலிருந்த தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு சத்தம் போட்டுச் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அப்படி ஒரு பிள்ளையைப் பெற்றதற்கு மார்பு நிமிர்ந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ரிப்போர்ட்டைப் புதுச்சேரி டாக்டரிடம் காட்டினோம். ஒரு பார்வை பார்த்தார். "ஹார்ட்ல இரும்பு இல்லம்மா. நல்லா இருக்குது. அடுத்த வருஷம் திரும்ப எடுப்போம்" என்று மடித்துக் கொடுத்துவிட்டார். அதில் இருபத்தாறு என்று ஒரு எண் இருந்தது. அது என்ன எண், எப்படி அளக்கிறார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. நல்ல சேதிக்கு விளக்கம் கேட்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. இரும்புக் கணக்கில் அனுபவப்பட்ட கை என்று எனக்கு நினைப்பு வேறு. இருபத்தாறு என்பதை ஃபெரிட்டினுக்குப் பக்கத்தில் மனதில் போட்டு வைத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் இரண்டாம் முறை. இந்தத் தடவை என்னை உள்ளே உட்கார அனுமதித்தார்கள். கருகமணியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். நெஞ்சில் வயர்களை ஒட்டி அவளை அந்தக் குழாய்க்குள் தள்ளினார்கள். வெளியே தெரிந்தது அவள் பாதம் மட்டும்தான். பெருநாளுக்கு வைத்த மருதாணி, கால் நகம் வளர வளரப் பாதியாகி நின்றது. மெஷின் டமடமவென்று அடித்தது. ஸ்பீக்கரில் ஒரு குரல், மூச்சை இழுங்க, வெளிய விடுங்க, அப்படியே நிறுத்துங்க என்றது. அவள் நிறுத்தினாள். அந்த இரண்டு பாதமும் அசையாமல் கிடந்தன. மூச்சு விடலாம் என்று அந்தக் குரல் சொல்வதற்குள், போதும் நிறுத்துங்கள் என்று எழுந்து கத்திவிடுவேனோ என்று பயந்து நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் அங்கே படுத்திருக்க நான் செய்யக்கூடிய காரியம் என்று ஒன்றுகூட இல்லை. காலைத் தொடலாமா என்று கேட்டதற்குக்கூட, தொடாதீங்க என்று சைகை காட்டினார்கள்.

மதியம் வரைக்கும் உட்கார வைத்து ரிப்போர்ட் கொடுத்தார்கள். பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே கவரைப் பிரித்தேன். எண்ணைத் தேடினேன். பதின்மூன்று.

இருபத்தாறில் பாதி!

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "பாதியா கொறஞ்சிடுச்சுடீ!" என்று நடுத்தெருவில் அவளைக் கட்டிப் பிடித்தேன். அவள் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தாள். ஃபோனை எடுத்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டு, "ஆமாம்மா, பாதிதான்" என்றாள். சிரித்தாள். பசிக்கிறது என்றாள். நான் அவளுக்குக் கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்தேன்.

பஸ் ஏறியதும் கணவருக்கு வாய்ஸ் நோட் போட்டேன். மச்சான், இருபத்தாறு பதிமூணா கொறஞ்சிருக்கு, ஹார்ட்ல இருக்கறது பாதியா போயிடுச்சு என்று. கல்பாக்கம் தாண்டும்போது பதில் வந்தது. அந்த மனிதர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "பாதியா? பாதியா கொறஞ்சிருக்குதா? மாஷா அல்லாஹ். ஏய், எம் மவளுக்குப் பாதி கொறஞ்சிருக்குதாம்டா" என்று பக்கத்திலிருந்த யாரிடமோ சொல்கிறார். அன்று ரூமிலிருந்த எல்லோருக்கும் அவர் செலவில் சாப்பாடு. இங்கே மாமி பள்ளிவாசல் ஹஜ்ரத்தை வரவழைத்து ஃபாத்திஹா ஓதவைத்தார். பூந்தி வாங்கித் தெரு முழுக்கச் சீரணி கொடுத்தோம். மீனவர் குப்பத்தில் என் மகளோடு படித்த பெண்கள் வீட்டுக்கும் போயிற்று. ஈரல் கொண்டு வந்த பெண் வீட்டுக்கு நானே எடுத்துப்போய்க் கொடுத்து சமாதானமானேன். என் மகள் முன்வாசலில் நின்று ஒரு கிண்ணம் நிறையப் பூந்தி தின்றதை நான் பார்த்தேன்.

அந்த வாரம் ரத்தம் ஏற்றுகிற நாள் வந்தது. அவளைக் கட்டிலில் படுக்க வைத்து ரத்தம் இறங்க ஆரம்பித்ததும், நான் ரிப்போர்ட்டோடு டாக்டர் அறைக்குப் போனேன். ஒரு டப்பாவில் அவருக்கும் பூந்தி கொண்டு போயிருந்தேன். அதை மேசைமேல் வைத்துவிட்டு, ரிப்போர்ட்டை நீட்டி, "பாதியா கொறஞ்சிருக்கு மேடம்" என்றேன்.

அவர் பார்த்தார். இந்தத் தடவை மடிக்கவில்லை.

"உக்காருங்கம்மா" என்றார். "இது கொறையக் கூடாது. இது ஏறணும்."

எனக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். அந்த மெஷின் ஒரு பெரிய காந்தம். அது இதயத்துச் சதையைத் தட்டி எழுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சதை பதிலுக்கு ஒரு சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைத்தான் அளக்கிறார்கள். அந்த நேரம்தான் அந்த எண். கண் இமைப்பதற்குள் பல தடவை அடங்கிவிடுகிற நேரம் அது. சுத்தமான சதையில் சத்தம் நின்று அடங்கும். இரும்பு சேர்ந்த சதையில் சட்டென்று அடங்கிவிடும். காலிக் குண்டானைத் தட்டினால் ணங்கென்று கொஞ்ச நேரம் நிற்கும், உள்ளே மண்ணை அள்ளிப் போட்டுத் தட்டினால் தொப்பென்று போய்விடும், அதைத்தான் சொல்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கியது.

"இருவதுக்கு மேல இருந்தா பயமில்ல. பத்துக்குக் கீழ போயிடக் கூடாது. அதுக்கப்புறம் ஹார்ட் எப்ப வேணா தொந்தரவு குடுக்கலாம். இவளுக்கு இப்ப நடுவுல நிக்குது."

"ஃபெரிட்டின் கொறஞ்சுக்கிட்டுத்தானே மேடம் வந்துச்சு? மாத்திரைய ஒரு நாளும் விடலயே."

"தெரியும்மா. நீங்க ஒரு தப்பும் பண்ணல. சில பேருக்கு ரத்தத்துல கொறையும், ஹார்ட்ல மட்டும் சேந்துக்கிட்டே இருக்கும். ஏன்னு சொல்லத் தெரியல."

தப்பு செய்திருந்தால் தேவலை என்று தோன்றியது. மாத்திரையை மறந்திருக்கலாம், ஈரலைத் தின்ன விட்டிருக்கலாம், எதையாவது செய்திருந்தால் இனிமேல் அதைச் செய்யாமல் இருக்கலாம். எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு நிற்கிறவள் அடுத்து என்ன செய்வாள்? எனக்கு டாக்டர்மேல் கோபம் வந்தது. போன வருடமே ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருந்தால் நான் ஊரைக் கூட்டிப் பூந்தி கொடுத்திருக்க மாட்டேனே என்று. அவர் மேசைமேல் அந்த டப்பா மூடியபடி இருந்தது. திரும்ப எடுக்கவும் முடியவில்லை, விட்டுவிட்டு வரவும் முடியவில்லை. கடைசியில் விட்டுவிட்டு வந்தேன்.

சாயங்காலம் பஸ்ஸில் என் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எப்படிச் சொல்வது என்று நான் கோட்டகுப்பத்திலிருந்து யோசித்துக்கொண்டு வந்தேன். பொம்மையார்பாளையத்தில் ஆரோவில் வேலை முடிந்த பெண்கள் திமுதிமுவென்று ஏறினார்கள். அந்தச் சத்தத்தில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"மேடம் சொன்னாங்களாம்மா?" என்றாள் அவளே.

நான் அவளைப் பார்த்தேன்.

"கொறஞ்சா நல்லது இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்மா. பஸ் ஸ்டாப்லயே ஃபோன்ல பாத்துட்டேன்."

"ஏன்டி சொல்லல? நான் பைத்தியக்காரி மாதிரி ஊருக்கெல்லாம் பூந்தி குடுத்தனே."

"நீ என்னக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுத. சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அத்தா அனுப்பிட்டாரு." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அத்தா அப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்லம்மா. அந்த வாய்ஸ் நோட்ட நான் தெனம் போட்டுக் கேக்கறேன்."

அவள் என் கையைப் பிடித்தாள்.

"அவருக்கிட்ட சொல்லாதம்மா. தெரிஞ்சா வேலைய விட்டுட்டு வந்துடுவாரு. வந்து என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. என்னால தாங்க முடியாது."

லீவில் வருவார், நேரில் உட்கார வைத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் முடிவு செய்தேன். கம்பெனியில் ஆள் குறைவு என்று லீவு தள்ளிப்போனது. பிறகு இன்னொரு தடவை தள்ளிப்போனது. ஃபோனில் சொல்லலாம் என்று பல தடவை எடுத்தேன். ஆனால் அந்தச் சீரணிக்குப் பிறகு அவர் ஒரு பேச்சை நிறுத்திவிட்டார். உன்னைக் கட்டியிருக்கக் கூடாது என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பதினாறு வருடமாக ஏறி நின்ற கூண்டிலிருந்து தானே இறங்கிவிட்டார். என்னிடம் பழையபடி வம்பு வளர்த்தார். கேட்டுக்கு என்ன கலர் அடிக்கலாம் என்று கேட்டார். அவரைத் திரும்பப் பிடித்து ஏற்றிவிட எனக்குக் கை வரவில்லை.

டாக்டர் மருந்தைக் கூட்டினார். மாத்திரையோடு, வயிற்றில் தோலுக்கடியில் ஊசி குத்தி மணிக்கணக்கில் மருந்து ஏற்றுகிற ஒரு சின்ன பம்பும் வந்தது. வாரத்தில் பல நாள் அது. நான்தான் குத்துவேன். குத்திய இடம் தடித்துப் போகும், அடுத்த நாளைக்கு இடம் தேட வேண்டும். வீடியோ காலில் அத்தா வந்தால் பம்பைத் துப்பட்டாவுக்குள் தள்ளிக்கொள்வாள். பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேர்ந்தாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ஒரு நாள் சொன்னாள். உடனே, "லிஃப்ட் இல்லாத காலேஜ்ல சேத்தது உன் தப்பு" என்றும் சொன்னாள். நான் சிரித்தேன். உள்ளுக்குள் செத்தேன். இரவும் பகலும் அவள் நெஞ்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளியிலிருந்து என்ன தெரியும்? இரும்பு ஜன்னலில் இருந்தால் துரு தெரியும். சுரண்டலாம், பெயிண்ட் அடிக்கலாம், பிடுங்கி எறிந்துவிட்டு மரத்தில் போடலாம்.

மூன்றாம் முறை போனபோது அங்கே ஒரு பெண் இருந்தாள். அதே கேள்வி.

"உடம்புல இரும்பு ஏதாவது இருக்கா?"

"இல்லக்கா" என்றாள் என் மகள். ஊசிகளைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். இந்தத் தடவை நான் வெளியிலேயே உட்கார்ந்துகொண்டேன். அந்தக் குரல் மூச்சை நிறுத்தச் சொல்வதை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

ரிப்போர்ட் மறுநாள்தான் என்றார்கள், ஃபோனுக்கு அனுப்பிவிடுவார்களாம். மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து தெருவில் ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அவள் தட்டுக்குப் பக்கத்தில் டீ டம்ளர் இருந்தது. ஃபோன் சத்தம் கொடுத்தது. நான் கையைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் அவள் திறந்துவிட்டாள். பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

ஒன்பது.

மாமி அடுப்படியிலிருந்து, என்ன வந்திருக்குது, என்ன வந்திருக்குது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சோற்றுச் சட்டியை மூடினேன். மூடிவிட்டு எதற்கு மூடினேன் என்று தெரியாமல் திறந்தேன். டாக்டருக்கு அதை அனுப்பினேன். நாளைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள், ஒரு செட் துணி எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று பதில் வந்தது. வருடம் முழுக்க நான் குத்திய ஊசியெல்லாம் எங்கே போயிற்று என்று யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. பிடிப்பதற்கு யாரும் இல்லை. எதிரே அவள்தான் இருந்தாள். தட்டில் பிசைந்த சோறு பிசைந்தபடி இருந்தது.

அந்த நேரம் பார்த்து வீடியோ கால். அவர்தான். வெள்ளிக்கிழமை, அங்கே விடுமுறை. ரிப்போர்ட் வருகிற நாள் என்று அவருக்குத் தெரியும். நான் எடுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று நான் முடிவு செய்தேன், சத்தியமாக முடிவு செய்தேன். அதற்குள் என் மகள் இடது கையால் ஃபோனை எடுத்துவிட்டாள்.

"அத்தா, அஸ்ஸலாமு அலைக்கும்."

"வ அலைக்கும் ஸலாம். என்னம்மா, வந்துடுச்சா? கொறஞ்சிருக்குதா?"

அவள் ஒரு தடவை என்னைப் பார்த்தாள். வாழ்க்கையில் அவள் அத்தாவிடம் பொய் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

"கொறஞ்சிருக்கு அத்தா. பத்துக்குக் கீழ வந்துடுச்சு."

"பத்துக்குக் கீழயா!" அவர் எழுந்து நின்றுவிட்டார். திரையில் அவர் சட்டைப் பொத்தானும் பின்னால் ஒரு மின்விசிறியும்தான் தெரிந்தன. "அல்ஹம்துலில்லாஹ்! பத்துக்குக் கீழயா! எங்க உங்கம்மா? கூப்புடு அவள. இந்த வாட்டியும் சீரணி குடுக்கச் சொல்லு, விட்டுடப் போறா!"

என் மகள் ஃபோனை என் பக்கம் திருப்பினாள். அவர் முகம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். கல்யாணத்தன்று பார்த்த முகம். என் வாயில் வார்த்தை இருந்தது. எல்லாம் இருந்தது.

"குடுத்துடறேன் மச்சான்" என்றேன்.

மறுநாள் எடுத்துப்போக அவள் துணிகளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, சாயங்காலம் கடைக்குப் போய்ப் பூந்தி வாங்கி வந்தேன்.